பழுப்பு நாய்க்குச் சாட்சி யார்?

அத்தியாயம் 9

சென்ற இதழை 1876ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். உயிருள்ள விலங்குகள் மேல் நடக்கும் சோதனைகளுக்கென்றே பிரிட்டன் ஒரு சட்டம் போட்ட ஆண்டு அது. சோதனை செய்பவர் உரிமம் வாங்க வேண்டும். சோதனை நடக்கும் இடம் பதிவாகியிருக்க வேண்டும். விலங்குக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். தெளிந்தால் வலிக்கும் என்ற நிலையில் இருந்தால், தெளியும் முன்பே அதைக் கொன்றுவிட வேண்டும். மயக்க மருந்து இல்லாமலோ, வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவோ செய்வதென்றால் தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும்.

படித்தால் கண்டிப்பான சட்டமாகவே தெரியும். ஆனால் கடைசியில் ஒரு பூட்டுத் தொங்கியது. உரிமம் பெற்ற விஞ்ஞானி மேல் வழக்குத் தொடர உள்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும். அதையும் 6 மாதத்துக்குள் செய்தாக வேண்டும். சோதனைக்கூடத்துக்குள் நடப்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் எழுதித் தரும் விவரம்தான் அரசுக்கு அறிக்கை. 1875இல் சுமார் 300 சோதனைகள் நடந்த நாட்டில் 1903இல் அந்த எண்ணிக்கை 19,000ஐத் தாண்டியது. பெரும்பாலானவை ஊசி போட்டுச் செய்பவை என்றாலும், சோதனையைக் குறைக்க வந்ததாகப் பலர் நம்பிய சட்டத்தின் நிழலில்தான் சோதனை இவ்வளவு வளர்ந்தது.

இந்த நிலையில், உள்ளே நடப்பதைப் பார்த்து வெளியே வந்து சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் என்ன ஆகும்? இரண்டு பேர் கிடைத்தார்கள். இருவரும் பெண்கள், இருவரும் வெளிநாட்டவர்கள்.

இரண்டு மாணவிகள்

லிஸ்ஸி லிண்ட் அஃப் ஹாகெபி ஸ்வீடன் நாட்டுக்காரர். அரண்மனையோடு தொடர்புள்ள வசதியான குடும்பம். பள்ளிப் படிப்பில் ஒரு பகுதியை இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் முடித்தவர். 1900இல் தோழி லீசா ஷார்டாவுடன் பாரிஸுக்குப் போனபோது பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டைச் சுற்றிப் பார்த்தார். கூண்டு கூண்டாக நோய் ஏற்றப்பட்ட விலங்குகள். அந்தக் காட்சிக்குப் பிறகு இருவரும் விலங்குச் சோதனை எதிர்ப்பாளர்கள் ஆனார்கள்.

எதிர்ப்பவர்கள் எல்லாரிடமும் விஞ்ஞானிகளுக்கு ஒரு தயார்ப் பதில் இருந்தது: உங்களுக்கு உடலியங்கியல் தெரியாது, கண்ணால் பார்த்ததுமில்லை, உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறீர்கள். அந்தப் பதிலின் வாயை அடைக்க இருவரும் எடுத்த முடிவு எளிமையானது: உடலியங்கியலைப் படித்துவிடுவது. 1902இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளியில் உயிருள்ள விலங்குகளை அறுப்பது கிடையாது. ஆனால் அங்கே படிப்பவர்கள் லண்டனின் மற்றக் கல்லூரிகளுக்குப் போய்ச் சோதனைகளைப் பார்க்கலாம். கிங்ஸ் காலேஜ், யுனிவர்சிட்டி காலேஜ் இரண்டிலும் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து, பார்த்ததை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வந்தார்கள்.

நேர்மையான வழியா இது என்று அன்றே கேட்டார்கள், இன்றும் கேட்கலாம். மாணவிகளாக உட்கார்ந்தவர்களின் உள்நோக்கம் வேறு. ஆனால் வேறெந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது என்ற கேள்வியும் கூடவே வரும்.

பிப்ரவரி 2, 1903

யுனிவர்சிட்டி காலேஜின் உடலியங்கியல் துறையில் அப்போது எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் வில்லியம் பேலிஸும் இணைந்து வேலை செய்துவந்தார்கள். உறவிலும் நெருக்கம்: ஸ்டார்லிங்கின் தங்கை பேலிஸின் மனைவி. 1902 ஜனவரியில் இருவரும் ஒரு நாயின் மேல் செய்த சோதனையில் செக்ரெட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்திருந்தார்கள். குடலில் சுரந்து இரத்தத்தில் கலந்து, கணையத்தைப் போய்த் தூண்டும் பொருள் அது. நரம்பு மட்டுமே உடலை ஆள்கிறது என்றிருந்த எண்ணத்தை அந்தக் கண்டுபிடிப்பு அசைத்தது. ஹார்மோன் என்ற பெயரை உலகத்துக்குத் தந்தவரும் ஸ்டார்லிங்தான், 1905இல். சாதாரண ஆட்கள் இல்லை இவர்கள்.

அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1902 டிசம்பரில் ஸ்டார்லிங் ஒரு பழுப்பு நாயின் வயிற்றைத் திறந்து கணைய நாளத்தைக் கட்டிவிட்டார். டெரியர் வகையில் சேர்க்கக்கூடிய கலப்பின நாய்; எடை சுமார் 6 கிலோ. இரண்டு மாதம் அது கூண்டில் கிடந்தது. பிப்ரவரி 2 அன்று வயிற்றை மறுபடியும் திறந்து, என்ன ஆகியிருக்கிறது என்று ஸ்டார்லிங் முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு வெட்டுவாயைக் கிளிப் போட்டு மூடி, நாயைப் பேலிஸிடம் கொடுத்தார்.

பேலிஸ் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். சுமார் 60 மாணவர்கள் இருந்தார்கள். உமிழ்நீர் சுரக்கும் அழுத்தத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்டுவது அன்றைய பாடம். மல்லாத்திக் கட்டிய நாயின் கழுத்தைத் திறந்து, சுரப்பிக்குப் போகும் நரம்பில் அரை மணி நேரம் மின்சாரம் பாய்ச்சியும் பாடம் பலிக்கவில்லை. பேலிஸ் கைவிட்டார். ஹென்றி டேல் என்ற இளம் ஆய்வாளர் நாயை வாங்கிக்கொண்டுபோய், கணையத்தை அறுத்தெடுத்த பின் அதைக் கொன்றார். 1936இல் நோபல் பரிசு வாங்கிய அதே டேல்.

இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சண்டை அடுத்த வரியில்தான். வகுப்பு தொடங்கும் முன் நாயை அருகில் போய்ப் பார்த்தோம், பழைய வெட்டின் தழும்பு இருந்தது, மயக்க மருந்தின் வாசனையே இல்லை, நாய் துடித்தது, மாணவர்கள் சிரித்தார்கள் என்று இரு பெண்களும் எழுதினார்கள். முன்பே மார்ஃபின் ஊசி போட்டோம், பிறகு ஆல்கஹால், குளோரோஃபார்ம், ஈதர் மூன்றும் கலந்த ஆவியை மேசைக்குப் பின்னால் மறைந்திருந்த குழாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் செலுத்தினோம், அது முழு மயக்கத்தில் இருந்தது என்றார்கள் விஞ்ஞானிகள். துடித்தது உண்மையானால் அது தசைநடுக்க நோயின் அசைவு, வலியின் அசைவு இல்லை என்றார் பேலிஸ்.

நான்கு நாள் வழக்கு

நாட்குறிப்பைப் பெண்கள் ஸ்டீஃபன் கோல்ரிட்ஜிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். தேசிய விலங்குச் சோதனை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர், வக்கீல், முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் மகன். ஒரே நாயை இரண்டு முறை அறுத்தது 1876 சட்டத்துக்கு விரோதம் என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். வழக்குப் போடவோ அமைச்சரின் அனுமதியும் 6 மாதக் கெடுவும் தடை. எனவே வேறு வழியில் போனார். தான் வழக்குப் போட முடியாவிட்டால், எதிராளியை வழக்குப் போட வைப்பது. 1903 மே 1 அன்று பிக்கடிலியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் ஆயிரக்கணக்கானவர்கள் முன் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். டெய்லி நியூஸ் பத்திரிகை மறுநாள் அதை அச்சிட்டது. பேலிஸ் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், கோல்ரிட்ஜ் மறுத்தார், அவதூறு வழக்கு வந்தது.

நவம்பர் 11 அன்று விசாரணை ஆரம்பம். தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் பிரபுவே உட்கார்ந்தார். பேலிஸுக்காக வாதாடிய ரூஃபஸ் ஐசக்ஸை இந்தியர்களுக்கு வேறு பெயரில் தெரியும்: 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபு அவர்தான். இடம் கிடைக்க நீதிமன்ற வாசலில் வரிசை நின்றது. உள்ளே மருத்துவ மாணவர்கள் கூச்சல் போட்டார்கள்.

இரண்டாவது நாயைக் கொல்லாமல் தவிர்க்கவே இதை மறுபடி பயன்படுத்தினேன் என்று சொல்லி, சட்டத்தை மீறியதை ஸ்டார்லிங் ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்கு அவர் மேல் இல்லை. நாய்க்கு நினைவிருந்ததா, இல்லையா என்பதே ஜூரியின் முன்னிருந்த கேள்வி. அதற்கு எந்தக் கருவியும் விடை சொல்லாது. சாட்சியை நம்புவதா வேண்டாமா என்பதே மிச்சம். ஒரு பக்கம் பேராசிரியர்களும் அவர்களின் மாணவர்களும். மறுபக்கம் இரண்டு ஸ்வீடன் பெண்கள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த நீதிபதி, வாதாடிய வக்கீல்கள், பன்னிரண்டு ஜூரர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் வக்கீலாகவும் ஜூரராகவும் ஆவதற்கு 1919இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

ஜூரி 25 நிமிடத்தில் முடிவு சொன்னது. பேலிஸுக்கு வெற்றி. கோல்ரிட்ஜ் 2,000 பவுண்டு நஷ்டஈடும் 3,000 பவுண்டு செலவுத்தொகையும் கட்ட வேண்டும். கட்டினார். நஷ்டஈட்டைப் பேலிஸ் தன் கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வுக்கே கொடுத்துவிட்டார். டெய்லி நியூஸ் திரட்டிய நிதியில் சில மாதங்களிலேயே கோல்ரிட்ஜுக்கு அவர் இழந்ததைவிட அதிகமான பணம் வந்து சேர்ந்தது. நாட்குறிப்பை வெளியிட்டிருந்த பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டுப் பிரதிகளைத் திரும்பப் பெற்றார். பெண்கள் விடவில்லை. பழுப்பு நாயைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வழக்கின் கதையைச் சேர்த்து வேறு பதிப்பாளரிடம் புத்தகத்தை மறுபடி கொண்டுவந்தார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் கனவான்

ஒரு நாய்க்காக இவ்வளவு சூடு ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரிட்டனில் விலங்குவதைக்கு எதிராகச் சட்டங்கள் 1822இலேயே தொடங்கிவிட்டன. அவை முதலில் பிடித்தது யாரை? குதிரையைச் சாட்டையால் அடித்த வண்டிக்காரனை. மாட்டை வதைத்த கசாப்புக்காரனை. 1835இல் காளையை நாய் விட்டுக் கடிக்கவைக்கும் விளையாட்டையும் சேவற்சண்டையையும் தடைசெய்தார்கள். ஏழைகளின் பொழுதுபோக்குகள் அவை. பிரபுக்கள் குதிரையேறி நாய்ப்படையோடு நரியைத் துரத்தும் வேட்டைக்கு இங்கிலாந்தில் தடை வந்தது 2004இல். கொடுமை என்பது கீழ்த்தட்டு மக்களின் குணம், அவர்களைத் திருத்துவது மேல்தட்டின் கடமை என்பதே அந்தச் சட்டங்களுக்கு அடியில் ஓடிய நினைப்பு.

விலங்குச் சோதனை அந்த நினைப்பைத் தலைகீழாக்கியது. இப்போது கத்தியைப் பிடித்திருந்தவர் படித்தவர், பட்டம் பெற்றவர், கனவான். அவர் குடித்துவிட்டுக் கோபத்தில் அடிக்கவில்லை. நிதானமாக, காரணத்தோடு, அரசாங்க உரிமத்தோடு அறுத்தார். இதைக் கொடுமை என்று சொல்லலாமா? மருத்துவத் தொழில் அப்போதுதான் தன் மரியாதையை ஆய்வுக்கூடத்தின் மேல் கட்டிக்கொண்டிருந்தது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கைவைத்தியம் பார்த்தவர் என்ற நிலையிலிருந்து விஞ்ஞானி என்ற நிலைக்கு டாக்டர்கள் ஏறிக்கொண்டிருந்த காலம். ஆய்வுக்கூடத்தைக் கேள்வி கேட்டவர், அந்த ஏணியையே ஆட்டிப் பார்த்தவர் ஆனார். 60 மாணவர்களுக்கு நாய் பெரிதில்லை. எதிர்காலத்தில் தங்களுக்கு வரப்போகும் மரியாதை பெரிது.

எதிர்ப்பு இயக்கத்தின் உறுப்பினர்களில் பெருந்தொகையினர் பெண்கள். அதை வளர்த்தெடுத்த ஃபிரான்சஸ் பவர் காப், மனைவியை அடித்து நொறுக்கும் கணவர்களைப் பற்றி 1878இல் எழுதிய கட்டுரை, அப்படிப்பட்ட கணவனிடமிருந்து சட்டப்படி பிரிந்து வாழும் வழியைப் பெண்களுக்குத் திறந்துவிட உதவியது. வீட்டுக்குள் நடப்பது கணவனின் விவகாரம், ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பது விஞ்ஞானியின் விவகாரம் என்று சமூகம் சொன்னதை அவர் இரண்டு இடத்திலும் ஏற்கவில்லை.

கோரல் லான்ஸ்பரி என்ற ஆய்வாளர் பழுப்பு நாய் விவகாரத்தைப் பற்றி 1985இல் ஒரு புத்தகம் எழுதினார். பெண்களும் தொழிலாளர்களும் அந்த நாயிடம் தங்களையே கண்டார்கள் என்பது அவர் வாதம். கட்டிவைத்த உடல், சுற்றிலும் ஆண் மாணவர்கள், ஒப்புதல் கேட்காத கத்தி. அன்றைய மகளிர் மருத்துவம் நடந்த விதத்தை அறிந்த பெண்களுக்கு அது புதிய காட்சி இல்லை. இந்த வாதம் கவர்ச்சியானது. ஆனால் முழுவதும் பொருந்தாது. பிரிட்டனில் டாக்டராகப் பதிவுபெற்ற முன்னோடிப் பெண்களுள் எலிசபெத் பிளாக்வெல் விலங்குச் சோதனையை எதிர்த்தார். எலிசபெத் கேரட் ஆண்டர்சன் ஆதரித்தார். பெண் என்பதால் மட்டும் ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுக்கூடத்தின் கதவுக்கு உள்ளே ஓர் இடம் பிடிக்கப் போராடியவரா, வெளியே நின்று கேள்வி கேட்டவரா என்பதும் கணக்கில் வரும்.

பேட்டர்சீயின் பயம்

வழக்கில் தோற்றவர்கள் கல்லில் எழுதப் போனார்கள். லூயிசா உட்வர்ட் என்ற எதிர்ப்பியக்கப் பெண்மணி 120 பவுண்டு திரட்டி, ஜோசஃப் ஒயிட்ஹெட் என்ற சிற்பியிடம் பழுப்பு நாயின் சிலையைச் செய்யச் சொன்னார். ஏழரை அடி உயரக் கருங்கல் தூண், மேலே வெண்கல நாய், மனிதர் குடிக்க ஒரு தண்ணீர்க் குழாய், கீழே நாய்க்கும் குதிரைக்கும் ஒரு தொட்டி. யுனிவர்சிட்டி காலேஜின் ஆய்வுக்கூடத்தில் இந்த நாய் கொல்லப்பட்டது என்று கல்லூரியின் பெயரோடு கல்வெட்டு. அதே இடத்தில் 1902இல் அறுக்கப்பட்ட 232 நாய்களின் நினைவாகவும் என்று ஒரு வரி.

இதை நிறுத்த இடம் கொடுத்தது பேட்டர்சீ நகரசபை. தேம்ஸ் நதியின் தென்கரை. தொழிற்சாலைகளும் ரயில் பணிமனைகளும் நிறைந்த தொழிலாளர் பகுதி. முற்போக்காளர்கள் கையில் இருந்த சபை. தானே ஆள் வைத்து லாட்ச்மியர் குடியிருப்பைக் கட்டி 1903இல் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்துத் திடலில் 1906 செப்டம்பர் 15 அன்று சிலை திறக்கப்பட்டது. பெர்னார்ட் ஷாவும் வந்திருந்தார். பின்னாளில், 1922இல், பம்பாயில் பிறந்த ஷாபுர்ஜி சக்லத்வாலாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதும் இதே பேட்டர்சீதான்.

நாள் முழுக்க உழைத்துக் களைத்த தொழிலாளிக்கு நாய்ச் சிலையில் என்ன அக்கறை? அவருக்கு ஒரு பழைய பயம் இருந்தது. 1832இல் வந்த உடற்கூறுச் சட்டம், ஏழையர் விடுதிகளில் செத்துப்போய்ச் சொந்தம் கேட்டு யாரும் வராத ஏழைகளின் உடலை மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுத்துப் படிக்கக் கொடுத்தது. தர்ம ஆஸ்பத்திரியில் படுத்த ஏழைதான் மாணவர்களுக்குப் பாடம். பணக்காரர் வீட்டுக்கு டாக்டர் வருவார். நாயை அறுத்துப் பழகிய கை அடுத்து யார்மேல் பழகும் என்ற கேள்வி வெஸ்ட் எண்டில் எழாது, பேட்டர்சீயில் எழும். அங்கே விலங்குச் சோதனை செய்யாத டாக்டர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஓர் ஆஸ்பத்திரியே இருந்தது. மக்கள் அதைச் செல்லமாக "ஆன்டிவிவ்" என்றார்கள். ஆய்வுக்கூடங்களுக்கு நாய் விற்க மறுத்த பேட்டர்சீ நாய்க் காப்பகமும் அங்கேதான்.

சுத்தியலோடு வந்த மாணவர்கள்

1907 நவம்பர் 20. யுனிவர்சிட்டி காலேஜ் மாணவர்கள் கடப்பாரையும் சம்மட்டியுமாகத் தேம்ஸைத் தாண்டி வந்து சிலையைத் தாக்கினார்கள். பத்துப் பேர் பிடிபட்டார்கள். மறுநாள் மாஜிஸ்ட்ரேட் பால் டெய்லர் ஆளுக்கு 5 பவுண்டு அபராதம் போட்டார். கோபம் இன்னும் ஏறியது. மாஜிஸ்ட்ரேட்டின் கொடும்பாவியைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போனார்கள், கொளுத்தப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை, தேம்ஸில் வீசினார்கள்.

டிசம்பர் 5 அன்று பேடிங்டனில் மில்லிசென்ட் ஃபாசெட் நடத்திய கூட்டத்துக்குள் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். அது பெண்களின் வாக்குரிமைக்கான கூட்டம். நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபாசெட்டோ, விலங்குச் சோதனையை ஆதரித்த டாக்டர் எலிசபெத் கேரட் ஆண்டர்சனின் சொந்தத் தங்கை! மாணவர்கள் அதையெல்லாம் விசாரிக்கவில்லை. மேடையேறிப் பேசும் பெண் என்றால் எல்லாம் ஒன்று என்பது அவர்கள் கணக்கு.

டிசம்பர் 10 அன்று உச்சம். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் ரக்பி ஆட்டம் அன்றைக்கு லண்டனில். அந்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும் என்ற கணக்கில் நாள் குறித்தார்கள். குச்சியில் குத்திய பொம்மை நாய்களோடு சுமார் 1,000 மாணவர்கள் டிராஃபல்கர் சதுக்கத்தை நோக்கி நடந்தார்கள். 400 போலீஸ்காரர்கள் எதிர்கொண்டார்கள். ஒரு கூட்டம் பேட்டர்சீக்குப் போய் ஆன்டிவிவ் ஆஸ்பத்திரியைத் தாக்க முயன்றது. டிராம் வண்டியின் மேல்தட்டிலிருந்து ஒரு மாணவர் கீழே விழுந்தபோது, பழுப்பு நாய் பழிவாங்கிவிட்டது என்று சொல்லி அங்கிருந்த தொழிலாளர்கள் அவரைத் தூக்கிப்போக மறுத்தார்கள்.

கொடுமை கூடாது என்றவர்களின் பக்கத்திலும் இரக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. இரண்டு பக்கமும் தன் ஆளைத்தான் பார்த்தது.

சிலைக்கு இரவும் பகலும் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. வருடத்துக்கு 700 பவுண்டு. யார் கொடுப்பது என்று நகரசபைக்கும் போலீசுக்கும் தகராறு. 1909 நவம்பர் தேர்தலில் பேட்டர்சீயில் ஆட்சி மாறியது. சிலையை எடுக்காதே என்று 20,000 பேர் கையெழுத்துப் போட்டும் பலனில்லை. 1910 மார்ச் 10 அன்று விடியும் முன், 120 போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, நகரசபையின் நான்கு தொழிலாளிகள் சிலையைப் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு அது அழிக்கப்பட்டது. பேட்டர்சீ பூங்காவில் இன்றிருக்கும் பழுப்பு நாய், நிக்கோலா ஹிக்ஸ் செய்து 1985இல் வைத்தது.

ஒரே நாய், இரண்டு விலங்கு

வழக்கில் யாராவது பொய் சொன்னார்களா? அப்படி வைத்துக்கொள்ளாமலேயே அந்த வகுப்பறையை விளங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. மைக்கேல் லிஞ்ச் என்ற சமூகவியலாளர் நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் போய் உட்கார்ந்து, விஞ்ஞானிகள் வேலை செய்வதைக் கவனித்து 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு விலங்கும் இரண்டாக இருக்கிறது என்பது அவர் சொன்னது. ஒன்று, மூச்சு விடுகிற, கடிக்க வருகிற, நாம் எல்லாரும் அறிந்த விலங்கு. இன்னொன்று, அதிலிருந்து வடித்தெடுத்த வரைகோடும் அட்டவணையும் எண்ணுமான விலங்கு. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதே ஆய்வுக்கூடத்தின் தொழில். அந்த மாற்றத்துக்குப் பழகிய கண்ணுக்கு மேசையில் தெரிவது இரண்டாவது விலங்கு மட்டும்தான்.

பேலிஸின் கண் உமிழ்நீர் அழுத்தத்தைத் தேடியது. துடிப்பு அவருக்கு அளவீட்டைக் கெடுக்கும் இடையூறு. பெண்களின் கண் நாயைத் தேடியது. துடிப்பு அவர்களுக்கு வலியின் மொழி. பழக்கமும் நோக்கமும் சேர்ந்து இருவர் பார்வையையும் முன்கூட்டியே திருப்பிவைத்திருந்தன. பழகிய கண்ணுக்குத் துல்லியம் உண்டு. பழகிப்போனதால் பார்க்கத் தவறுவதும் உண்டு. எந்தத் தொழிலும் தன் பழக்கத்தைத் தானே அளந்துகொள்ள முடியாது. வெளியாள் தேவைப்படுவது அங்கேதான்.

விஞ்ஞானிகள் பக்கத்தின் கனத்தையும் மறைக்கக் கூடாது. கணைய நாளத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது என்று பழுப்பு நாய்க்குச் செய்த அதே வகை அறுவையிலிருந்துதான் 1921இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் தங்கள் ஆய்வைத் தொடங்கினார்கள். அங்கும் நாய்கள்தான் செத்தன. இன்சுலின் கிடைத்தது. 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனின் உடலில் ஏறிய அந்த மருந்து, அதுவரை சாவு நிச்சயம் என்றிருந்த சர்க்கரை நோய்க் குழந்தைகளைப் பிழைக்கவைத்தது. இன்று நம் வீடுகளில் ஃபிரிட்ஜைத் திறந்தால் இருக்கும் மருந்து அது. கோல்ரிட்ஜின் சங்கம் கேட்டதெல்லாம் 1903இலேயே நடந்திருந்தால் இன்சுலின் எப்போது வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பிப்ரவரி 2 அன்று நடந்தது கண்டுபிடிப்பு இல்லை, பாடம். பேலிஸ் தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் காட்ட முயன்று, காட்ட முடியாமல் போனார். இந்த வேறுபாடு நீதிமன்றத்தில் அடிபட்டுப்போயிற்று. நாய் விழித்திருந்ததா என்று கேட்ட ஜூரி, நாய் அங்கே இருந்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்கவில்லை. சட்டப்படி அதைக் கேட்கும் இடம் அது இல்லை. அப்படிக் கேட்பதற்கென்று ஓர் இடம் நாட்டில் எங்குமே இல்லை என்பதுதான் பழுப்பு நாய் வெளிப்படுத்திய குறை.

1906இல் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. 1908இல் விஞ்ஞானிகள் தங்களுக்கென்று ஆய்வுப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கிப் பொதுமக்களிடம் நேரில் பேச ஆரம்பித்தார்கள். 1912இல் வந்த ஆணைய அறிக்கை கண்காணிப்பை இறுக்கச் சொன்னது. 1876 சட்டமோ 1986 வரை உயிரோடு இருந்தது. நூறாண்டுக்கு மேல் உழைத்த இயக்கம் சோதனையை ஒழிக்கவில்லை. அது வென்றது வேறொன்றை: உள்ளே நடப்பதை உள்ளே இருப்பவர்கள் மட்டுமே முடிவுசெய்யக் கூடாது என்ற கொள்கையை.

அந்தக் கொள்கை இன்று இந்தியாவில் விதியாகவே இருக்கிறது. விலங்குகளில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவர் உறுப்பினராக இருந்தாக வேண்டும். லிஸ்ஸி மாணவி என்று சொல்லிக்கொண்டு நுழைந்த அறையில் இப்போது வெளியாளுக்கு அழைப்போடு ஒரு நாற்காலி. அதில் உட்காருபவர் யார், அவரை நியமிப்பது யார், முன்னால் வைக்கும் கோப்பின் மொழி அவருக்குப் புரிகிறதா, புரியவில்லை என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த நாற்காலிக்கு மதிப்பு.

அந்த விதியின் வேர் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு விதை போட்டவர் அடையாறிலிருந்து ராஜ்யசபைக்குப் போன ஒரு நடனக் கலைஞர், ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை நேரு ஏன் திரும்பப் பெறச் சொன்னார், அதற்குப் பதிலாக வந்த சட்டம் ஆய்வுக்கூடத்தின் கதவை எவ்வளவு திறந்தது, எவ்வளவு மூடிவைத்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)